பதினைந்தாம் பக்கம்

உரிகம் ஸ்டேஷனில் ரயில் நின்றதும் ஜன்னல் கம்பியில் மூன்று தட்டு விழும். டக், டக், டக். மாணிக்கராஜ் பக்கத்து இடத்தில் போட்டிருந்த துண்டை எடுத்துவிடுவான். சற்று நேரத்தில் இவான் கூட்டத்துக்குள் தோளை நுழைத்து வந்து அந்த இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்குவான். பதினோரு வருஷமாக இதுதான் வழக்கம். ரயில் மாரிக்குப்பத்தில் புறப்படுவதால் அங்கே ஏறும் மாணிக்கராஜுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. உரிகத்தில் ஏறுகிறவனுக்கு யாராவது பிடித்து வைத்திருந்தால்தான் உண்டு.

மூன்று தட்டு என்றால் 'ஆள் ஏறுது' என்று பொருள். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்து மணியடிக்கும் கணக்கு அது. ஓடும் கேஜை, அதாவது ஆள் இறங்கும் கூண்டை, நிறுத்த ஒரு மணி, இறக்க இரண்டு, உள்ளே ஆள் இருந்தால் மூன்று. இவானின் அப்பா மைசூர் மைன்ஸில் கேஜை இன்ஜினால் ஏற்றி இறக்கும் வைண்டிங் டிரைவர். மாணிக்கராஜின் அப்பா அந்த கேஜில் இறங்கி ஏறியவர். இன்ஜின் ரூமிலிருந்து பார்த்தால் கேஜில் இருப்பவனின் முகம் தெரியாது. மணிச் சத்தம் மட்டும்தான் வரும். அதை நம்பித்தான் ஒருவர் லிவரை இழுத்தார், இன்னொருவர் பூமிக்குள் போனார்.

"எங்கப்பன் கையிலதான்டா உங்கப்பன் உசுரு இருந்துச்சு" என்பான் இவான்.

"அந்தக் கடனுக்குத்தான்டா உனக்கு டெய்லி சீட் போட்டுகினு கீறேன்" என்பான் மாணிக்கராஜ்.

படகு ஓட்டும் வேலை பற்றிய செய்தியை முதலில் காட்டியதும் இவான்தான். பங்காருபேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஏரிக்கரையில் புதிதாக ரிசார்ட் வருகிறது, உல்லாசப் படகு விடப்போகிறார்கள், மோட்டார் போட் ஓட்ட லைசென்ஸ் உள்ள ஆட்கள் வேண்டும் என்று செல்போனில் யாரோ அனுப்பியிருந்தார்கள்.

"ரெண்டு டிரைவர் வேணுமாம். நான் போன் போட்டே கேட்டுட்டேன். நீயும் நானும். இன்னா சொல்ற?"

 எதற்கும் உடனே பதில் சொல்லும் பழக்கம் மாணிக்கராஜுக்கு இல்லை. வொயிட்ஃபீல்டு வரும் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான். அங்கே ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். இருட்டோடு வீட்டை விட்டுக் கிளம்பி இருட்டிய பிறகு வீடு திரும்புகிறான். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளில் தன் வீட்டை வெளிச்சத்தில் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்தான். அந்த யோசனை வந்ததும் வேறு எதுவும் யோசிக்க முடியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து ஷோபாவிடம் சொன்னான். அவள் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம வூட்டுச் செவுரு இன்னா கலருன்னே மறந்துபோச்சு ஷோபா."

"பகல்ல பாத்தா மட்டும் சொல்லிடுவீங்களாக்கும்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். மாணிக்கராஜுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இரண்டுமே காய்ந்த சேறு மாதிரித் தெரியும். கல்யாணமான புதிதில் சிவப்பு நூல் கேட்டவளுக்குப் பச்சை நூல்கண்டு வாங்கி வந்து கொடுத்து மாட்டிக்கொண்டான். அதிலிருந்து ஷோபா ஒவ்வொரு நூல்கண்டின் அடியிலும் ஒரு நம்பர் எழுதி வைத்திருக்கிறாள். ஏழு எடுங்க என்றால் ஏழு எடுத்துக் கொடுப்பான். வெளியாட்கள் யாருக்கும் இது தெரியாது. கிடங்கில்கூட சரக்கில் ஒட்டிய வண்ண அட்டையின் வடிவத்தைப் பார்த்தே காலம் தள்ளிவிட்டான்.

பயிற்சி நான்கு ஞாயிற்றுக்கிழமை. சொல்லிக்கொடுக்க வந்த வேணுகோபால் மாஸ்டர் கடலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து திட்டுவார். முதல் நாளே ஆளுக்கு இரண்டு முறை படகைக் கரைக்குக் கொண்டுவரச் சொன்னார். இவான் கார் ஓட்டுகிற மாதிரி ஓட்டினான். முன்பக்கத்தைத் திருப்பினான், பின்பக்கம் போய்ப் படகுத்துறையில் மோதியது. இரண்டாம் முறையும் அப்படியே.

மாணிக்கராஜ் உட்கார்ந்தான். ஆள் தண்ணீரில் விழுந்தால் இன்ஜினை அணைத்துவிடும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டான். ஸ்டியரிங்கைத் தொட்டு இரண்டு திருப்பு திருப்பியதுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஃபோர்க்லிஃப்டுக்குப் பின்சக்கரம்தான் திரும்பும். முன்னால் எங்கே போகிறாய் என்பதைவிடப் பின்னால் என்ன வீசுகிறது என்று பார்க்க வேண்டும். படகும் அதே ஜாதி. தூரத்திலேயே நியூட்ரலில் போட்டு மிதக்க விட்டான். படகு பசுமாடு தொழுவத்துக்கு வருவதுபோலத் தானாக வந்து படகுத்துறைக் கட்டைக்குப் பக்கத்தில் நின்றது.

மாஸ்டர் அவன் தோளில் தட்டினார். "பேஷ்! எங்கேய்யா ஓட்டினே இதுக்கு முன்னால?"

"கிடங்குல சார்."

"கிடங்குல தண்ணியா?"

எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் இவான் மட்டும் ஒன்றும் பேசவில்லை. களைப்பு என்று மாணிக்கராஜ் நினைத்துக்கொண்டான். அவனுக்கும் பேச வேண்டியிருக்கவில்லை. தோளில் அந்தத் தட்டு இன்னும் கொஞ்சம் கதகதப்பாக இருந்தது.

மறுநாள் ரயிலில் அவன் கண் விஷயத்தைச் சொன்னான். ஏரியில் வழி காட்டுவதற்குச் சிவப்பு மிதவையும் பச்சை மிதவையும் கட்டியிருந்தார்கள். சிவப்பு, பீப்பாய் மாதிரித் தட்டை. பச்சை, கூம்பு மாதிரிக் கூர். அவன் வடிவத்தை வைத்துத்தான் ஓட்டினான், ஒன்றும் தவறவில்லை. ஆனால் மெடிக்கலில் கண் சோதனை உண்டு.

இவான் அவனையே பார்த்தான். "இத்தினி வருஷமா சொல்லவே இல்லியே நீ."

"யாருகிட்டயும் சொன்னதில்ல. உன்கிட்டதான் சொல்றேன்."

"சரி வுடு. புக்குல இன்னா போட்டுருக்குன்னு பாக்குறேன். நான் கீறேன் இல்ல?"

புத்தகம் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான் கொடுத்திருந்தார்கள். நாற்பது பக்கம், முழுக்க இங்கிலீஷ். ஓட்டலில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருக்கும் இவானுக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு. மாணிக்கராஜுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், அவ்வளவுதான். அதனால் இவான் இரவு வீட்டில் படித்து, காலையில் ரயிலில் தமிழில் சொல்வான். மாணிக்கராஜுக்குச் சொல்ல வேண்டிய இடங்களில் ஓரத்தில் பென்சிலால் ஒரு 'எம்' போட்டு வைப்பான். சொல்லி முடித்ததும் அதைச் சுற்றி ஒரு வட்டம்.

மூன்றாம் நாள் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து ஒரு கட்டாக மாணிக்கராஜிடம் கொடுத்தான் இவான். கூடவே செல்போனில் ஒரு படம். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் சோதனை அட்டைகள்.

"எந்த டாக்டரும் இந்தப் புக்கத்தான் வெச்சிருப்பான். வரிசை மாறவே மாறாது. மனப்பாடம் பண்ணிடு. ரயில்வே வேலைக்குப் போன பாதிப் பேரு இப்படித்தான்டா போனானுங்க."

"எழுதிக் குடுத்துட்டா இன்னா? கண்ணு இப்படின்னு?"

இவான் ஜன்னல் பக்கம் திரும்பினான். "எழுதினா அன்னிக்கே ரிஜெக்ட்டு."

விண்ணப்பத்தையும் அவன்தான் நிரப்பினான். நிறப்பார்வைக் குறை உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதி நீட்டினான். மாணிக்கராஜ் கையெழுத்துப் போட்டான்.

அன்றிலிருந்து ரயிலில் பாடம்தான். பன்னிரண்டு, எட்டு, ஆறு, இருபத்தொன்பது, ஐம்பத்தேழு, ஐந்து, மூன்று, பதினைந்து, எழுபத்துநான்கு. எதிர் சீட்டில் சீட்டு விளையாடுகிறவர்கள் கேலி செய்தார்கள்.

"இன்னாடா, மட்கா நம்பரா? எங்களுக்கும் ஒண்ணு சொல்லேன், குடும்பம் பொழைக்கட்டும்."

"தண்ணியில ஓட்டப் போறான்டா இவன். நம்பரப் போட்டாதான் போட்டு கெளம்பும்" என்றான் இவான்.

மாணிக்கராஜும் சிரித்தான். வாழ்க்கையில் தனக்காக ஒருவன் இவ்வளவு மெனக்கெடுகிறான் என்பது அவனுக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

சோதனை பெங்களூரில் நடந்தது. டாக்டரம்மா ரூபாவுக்கு அவன் வயதுதான் இருக்கும். மேஜை மேல் அதே புத்தகம். முதல் அட்டையைத் திறந்தார்.

"பன்னிரண்டு" என்றான்.

"அடுத்தது?"

"எட்டு."

"ம்."

"ஆறு."

மின்விசிறிக் காற்றில் தாள்கள் ஒட்டிக்கொண்டன. டாக்டர் புரட்டியபோது இரண்டு தாள் சேர்ந்து போனது. மாணிக்கராஜுக்கு அது தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் காய்ந்த சேற்றுப் புள்ளிகள்தான். "இருபத்தொன்பது" என்றான்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு புரட்டுவதுபோல் பாவனை செய்து அதே அட்டையையே மறுபடி காட்டி, "அடுத்தது?" என்றார்.

"ஐம்பத்தேழு."

"தாள் ஒட்டி ஒரு அட்டை தாண்டிவிட்டது. நீங்கள் பார்த்துச் சொல்லவில்லை" என்று அவர் புத்தகத்தை மெதுவாக மூடினார். கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"விண்ணப்பத்தில் குறை இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, ஏன்? உண்மையை எழுதியிருந்தால் தண்ணீரில் ஒரு தனிச் சோதனை வைத்திருப்பார்கள். மிதவையை வடிவத்தை வைத்து அடையாளம் கண்டால் பகல் லைசென்ஸ் கிடைக்கும். சூரியன் உதிக்கிறதிலிருந்து மறைகிற வரைக்கும் ஓட்டலாம். உங்கள் ஏரிக்கு அது போதுமே. பொய் எழுதினதால் இனி இரண்டு வருஷத்துக்கு விண்ணப்பமே போட முடியாது. புத்தகத்தில் பதினைந்தாம் பக்கத்தில் இருக்கிறது. படிக்கவில்லையா?"

"படிச்சேன்" என்றான் மாணிக்கராஜ்.

வீட்டுக்கு வந்து ஜெராக்ஸ் கட்டைப் பிரித்துப் பாயில் பரப்பினான். ஷோபா குனிந்து பார்த்தாள். நூல்கண்டுக்கு நம்பர் போடுகிறவள், தாளைப் படிக்கவில்லை, கீழே இருக்கும் எண்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனாள்.

"பதிமூணு, பதினாலு. அப்புறம் பதினேழு." விரல் நின்றது. "இன்னாங்க, ஒரு தாளு இல்ல."

ஒரே தாளின் முன்னும் பின்னும் பதினைந்தும் பதினாறும். நாற்பது பக்கத்தில் அந்த ஒரு தாள்தான் இல்லை.

"ஜெராக்ஸ் கடைக்காரன் வுட்டிருப்பான்" என்றான் மாணிக்கராஜ்.

ஷோபா தாள்களை அடுக்கிக் கட்டினாள்.

அடுத்த நான்கு நாள் அவன் துண்டு போட்டு இடம் பிடித்தான். மூன்று தட்டு விழுந்தது. இவான் வந்து உட்கார்ந்தான். "என் கெட்ட நேரம், தாளு ஒட்டிகிச்சு" என்று மட்டும் மாணிக்கராஜ் சொல்லியிருந்தான். பதினைந்தாம் பக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. இவான் தானாகவே சொல்வான் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் காத்திருந்தான். கோரமண்டல் போனது, பங்காருபேட்டை போனது, மாலூர் போனது. ஜெராக்ஸ் கடைக்காரன் மேல் பழியைப் போடுவதற்கு மனதுக்குள் எத்தனையோ வழி தேடினான். தன்னை நம்பவைப்பதற்கு இவான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

ஐந்தாம் நாள் இவான் வரும்போதே முகம் மலர்ந்திருந்தது. லைசென்ஸ் வந்துவிட்டது. ரிசார்ட்டில் வேலையும் உறுதி.

"உனக்கும் பேசிட்டேன்டா. ஹெல்பர். கயிறு பிடிக்கணும், ஜாக்கெட் மாட்டி வுடணும், அவ்ளோதான். இந்த ரயிலு இல்ல பாரு. அதான முக்கியம்?"

மாணிக்கராஜ் கேட்டான், "அந்த புக்கக் குடு."

"எந்த புக்கு?"

"நம்ம புக்கு."

"வூட்ல கீதுடா."

பை இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. ஜிப் பாதி திறந்திருந்தது. நீல அட்டை தெரிந்தது. மாணிக்கராஜ் கையை விட்டு எடுத்தான். இவான் தடுக்கவில்லை.

பதினைந்தாம் பக்கம் அங்கே இருந்தது. நடுவில் ஒரு பத்திக்கு அடியில் கோடு. ஓரத்தில் ஒன்றும் இல்லை. தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தான். பென்சில் கருப்பை ரப்பர் எடுத்திருந்தது. அழுத்தி எழுதிய பள்ளத்தை எடுக்க முடியவில்லை. ஒரு 'எம்'. வட்டம் போடாத எம்.

அவன் அதை விரல் நுனியால் தடவினான். இவான் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மொதல்ல சொல்லத்தான் இருந்தேன்" என்றான் இவான்.

மாணிக்கராஜ் தாளைத் திருப்பிப் பதினாறாம் பக்கத்தைப் பார்த்தான்.

"போஸ்டு ஒண்ணுதான்டா. மொத நாளே தெரியும். ரெண்டுன்னு சொன்னாதான் நீ கூட வருவேன்னு... எனக்குத் தனியா போவத் தைரியம் இல்ல. அப்பால பாத்தா, அந்த மாஸ்டர் உன் தோள்ல தட்டுறான். என்னைப் பாத்து ஒண்ணியும் சொல்லல. உனக்கு லைசென்சு வந்தா நான் எங்க போறது? நாப்பத்தோரு வயசுடா எனக்கு."

"நம்பர் சொல்லிக் குடுத்தியே. ஒரு மாசம்."

"நீ பாஸ் ஆயிட்டா ஆயிடட்டும்னுதான் சொல்லிக் குடுத்தேன். சத்தியமா."

அது உண்மையாக இருக்கலாம் என்று மாணிக்கராஜுக்குத் தோன்றியது. அதனால்தான் இன்னும் வலித்தது. முழுதாகக் கெட்டவன் என்றால் எழுந்து போய் வேறு பெட்டியில் உட்கார்ந்துவிடலாம். இவன் ஒரு கையால் எம் போட்டு, மறு கையால் அழித்து, அப்புறமும் பக்கத்திலேயே உட்கார்ந்து ஐம்பத்தேழு, ஐந்து, மூன்று என்று சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

"ஏதாவது பேசுடா" என்றான் இவான். "திட்டவாவது செய்."

வொயிட்ஃபீல்டு வந்தது. மாணிக்கராஜ் புத்தகத்தை சீட்டின் மேல் வைத்துவிட்டு இறங்கினான்.

ஹெல்பர் வேலைக்குப் போவதாக அவன் சொன்னபோது ஷோபா தையல் மெஷினை நிறுத்தினாள்.

"அவன் மூஞ்சியில தெனமும் முழிச்சிகினு இருப்பீங்களா?"

"ஆறரைக்கு வூட்டுக்கு வந்துடலாம்."

"மானம் இல்லியா உங்களுக்கு?"

இருக்கிறது என்று சொல்ல நினைத்தான். மானத்தோடு இன்னும் பதினேழு வருஷம் அந்த ரயிலில் உட்கார முடியாது என்றும் சொல்ல நினைத்தான். எழுந்து வெளியே போய் நின்றான். கதவைத் தாண்டி மெஷின் சத்தம் நெடுநேரம் வரவில்லை.

ரிசார்ட் திறந்த முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை. பங்காருபேட்டைப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள். மாணிக்கராஜ் ஒவ்வொருவருக்கும் ஜாக்கெட் மாட்டி, கொக்கியை இழுத்துப் பார்த்து உட்கார வைத்தான். இவான் ஸ்டியரிங்கில். மாணிக்கராஜ் கயிற்றோடு முன்னால். வேலையில் சேர்ந்ததிலிருந்து அவன் இவானோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கரை நெருங்கும்போது மட்டும் கையைத் தாழ்த்திக் காட்டுவான். கையைப் பார்த்து இவான் நியூட்ரலில் போடுவான். மூன்று நாளாகப் படகு கட்டையில் உரசாமல் வந்து நின்றது. மேனேஜர் இவானைப் பாராட்டினார்.

அன்று காற்று பின்னாலிருந்து வீசியது. டீச்சர்கள் ஒருவரை ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். படகுத்துறை நெருங்கியது. வேகம் அதிகம் என்று மாணிக்கராஜின் உள்ளங்காலுக்கே தெரிந்தது. இவான் அவன் கையைப் பார்த்தான். கயிற்றைப் பிடித்திருந்த கை அசையவில்லை. அவன் கரையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்று, இரண்டு, மூன்று நொடி. சொல்லாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்.

படகு கட்டையில் மோதியது. போன் ஒன்று தண்ணீரில் விழுந்தது. முன்வரிசையில் இருந்த டீச்சர் கரோலின் கம்பியில் முகம் இடித்துக் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் தாடையில் சேறு மாதிரி ஏதோ ஒழுகியது. எங்கே சேறு பட்டது என்று மாணிக்கராஜ் நினைத்தான். பக்கத்தில் இருந்தவர் "ஐயோ, ரத்தம்" என்று கத்திய பிறகுதான் அவனுக்கு அது தெரிந்தது.

தோளில் இருந்த துண்டை எடுத்துக் கொடுத்தான். பதினோரு வருஷம் சீட்டில் போட்ட துண்டு. டீச்சர் அதை உதட்டில் அழுத்திக்கொண்டு, "பரவாயில்லைங்க, பல்லுதான் குத்திடுச்சு" என்றார். அவன் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றும் கேட்டார்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு இவான் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"ஏன்டா சொல்லல?"

மாணிக்கராஜ் அவனைப் பார்த்தான். அதே கேள்வியோடு ரயிலில் நான்கு நாள் காத்திருந்தது நினைவுக்கு வந்தது. இப்போது அது தனக்கே வந்திருக்கிறது.  கயிற்றைக் கட்டையில் சுற்றி இறுக்கினான்.

மாலையில் கடைசி நடை. வெயில் சாய்ந்துவிட்டது. ஒரு குடும்பம் மட்டும் ஏறியது. திரும்பி வரும்போது காற்று அதே பக்கத்திலிருந்துதான் வீசியது. இவான் இந்த முறை அவன் கையைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்தான். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். வேகம் குறையவில்லை.

மாணிக்கராஜ் திரும்பவில்லை. விரல் முட்டியால் படகின் தகரத்தில் தட்டினான்.

டக். ஒரே ஒரு தட்டு.

வைண்டிங் டிரைவரின் மகனின் கை தானாக லிவரை நடுவுக்கு இழுத்தது. இன்ஜின் இரைச்சல் அடங்கியது. படகு மெல்ல மிதந்து வந்து கட்டைக்குப் பக்கத்தில் நின்றது.

பின்னால் இவான் ஏதோ சொல்ல வாயெடுப்பது கேட்டது. மாணிக்கராஜ் கயிற்றோடு கரைக்குத் தாவினான். அந்த ஒரு தட்டோடு சரி. இனி இரண்டு வருஷத்துக்கு அவர்களுக்குள் அதற்கு மேல் பேச்சு கிடையாது என்று முடிவு செய்திருந்தான். மறுபடி விண்ணப்பம் போட இன்னும் இருபத்து மூன்று மாதம் இருந்தது.

அன்று ஆறரைக்கு வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் மிச்சம் இருந்தது. வாசலில் நின்று சுவரைப் பார்த்தான். என்ன நிறம் என்று ஷோபாவைக் கேட்கலாம். கேட்கவில்லை. இருட்டும் வரைக்கும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான்.